தூக்கிய தாடை

ஜூன் 3
ஓ.பி.யில் நல்ல கூட்டம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அறை முழுக்கத் தேடினேன். நர்ஸ் சொல்லவில்லை, ரசித்தாள். கண் டாக்டர் லட்சணம்.

ஜூன் 4
அக்கா மகள் வாலு, கூடைப்பந்து ஆட்டத்தில் யாருடைய முழங்கையையோ இடது கண்ணில் வாங்கியிருக்கிறாள். ஒரே வாந்தி, நாடியும் மந்தம். தலைக்காயம் என்று மூளையை ஸ்கேன் செய்து, ஒன்றுமில்லை என்று படுக்க வைத்திருந்தார்கள். கண் சிவக்கவில்லை, வீங்கவில்லை. அதுதான் எனக்கு உதைத்தது.

தலையை அசைக்காமல் மேலே பார்க்கச் சொன்னேன். வலது கண் ஏறியது. இடது கண் அசையவில்லை, மறுபடி வாந்தி. கண்குழிக்குத் தனி ஸ்கேன் எடுத்தேன். நினைத்ததேதான். பிள்ளைகளின் கண்குழி எலும்பு விரிசல்விட்டுப் படக்கென்று மூடிக்கொள்ளும். கதவிடுக்கில் விரல் மாதிரி, கண்ணை அசைக்கும் தசை அதில் மாட்டிக்கொண்டது. வாந்தியும் மந்த நாடியும் அந்த இழுப்பால்தான்.

"ஒரு கீறல்கூட இல்ல. எதுக்குடி ஆபரேஷன்?" என்றாள் அக்கா.

"தள்ளிப்போட்டா தசை செத்துரும்க்கா. ஆயுசுக்கும் ரெண்டு ரெண்டாத் தெரியும்."

கையெழுத்துப் போட்டாள். சொந்தப் பிள்ளை, கத்தியைச் சீனியரிடம் விட்டேன்.

ஜூன் 5
தசை விடுபட்டது. விரிசல் மேல் மெல்லிய தகடு வைத்தாயிற்று. நாடி சரி. வெளியே உட்கார்ந்திருந்ததில் எனக்குத்தான் நகம் மிச்சமில்லை.

"மூக்கைச் சிந்தக் கூடாது, காத்து கண்குழிக்குள்ள ஏறிரும்," என்றேன் வாலுவிடம்.

"சளி வந்தா?"

"தொடச்சுக்கோ."

ஜூன் 19
விளையாட விடச் சொல்லி நச்சரிப்பு. மேலே பார்க்கச் சொல்லி, எத்தனை விளக்கு என்றேன். "ஒண்ணுதான் சித்தி." பெருமையில் மிதக்கிறேன்.

ஜூன் 20
அக்கா போனில் சொன்னாள்: "ராணி மாதிரி நிமிர்ந்து நடக்கிறாளாம், டீச்சர் சொன்னாங்க."

சுரீரென்றது. தாடையைத் தூக்கிக்கொண்டால் கண் ஏற வேண்டியதே இல்லை. கள்ளி. நேற்றும் அப்படித்தானே பார்த்தாள்? வேறு பிள்ளையாக இருந்தால் தாடையைப் பிடித்திருப்பேன் — என்ன டாக்டர் நான்?

மாலையில் பிடித்தேன். "ரெண்டு," என்று அழுதாள். "டீமை விட்டுத் தூக்கிருவாங்க சித்தி."

"நசுங்கின தசை தேற நாளாகும். தேறிரும்." சும்மா சொல்லவில்லை. தினமும் கண்ணுக்குப் பயிற்சி; தாடை என் கையில்.

ஜூலை 8
இன்னும் இரண்டு விளக்கு. ஆனால் நெருங்கி வருகின்றனவாம்.

ஆகஸ்ட் 11
அக்கா வீட்டில் பல்பு மாற்ற நாற்காலி மேல் ஏறினேன். கண்ணாடியைக் காணோம். கீழே வாலு, நோட்டில் கவிழ்ந்து வீட்டுப்பாடம்.

"நெத்தியில இருக்கு சித்தி."

"எத்தனை?"

"ஒண்ணு."

தாடை நோட்டின் மேல்தான் இருந்தது.