ஆறு நாள், ஒரு தண்ணீர் பாட்டில்

7-7, திங்கள்

காலையிலிருந்து தூறல். சந்தாபுரா ஸ்டாப்பில் இருபது நிமிடம். மூன்று பஸ் நிற்காமல் போனது. நான்காவதில் படியில் இடம்.

பையில்: புது யூனிஃபார்ம் (கழுத்து கோணல், என் லைனாக இருந்தால் அந்தப் பீஸைத் திருப்பி அனுப்பியிருப்பேன்), கையுறை, முழங்கால் தைலம், டிபன், தண்ணீர் பாட்டில். பாட்டில் வெறும் பழக்கம். இருபத்தோரு வருடமாகக் காலையில் நிரப்பி எடுத்துப் போகிறேன். சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். வாசல் செடிக்கு ஊற்றிவிடுவேன்.

கார்மென்ட்ஸில் லைன் சூப்பர்வைசராக இருந்தவள் நாற்பத்தாறு வயதில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு. கம்பெனி மூடியாயிற்று, அழுது தீர்த்தாயிற்று, ஏஜென்சியில் ஒரு மாத ட்ரெய்னிங்கும் முடிந்தது. இது முதல் வீடு. ஆறு நாள் பார்ப்பார்களாம். பிடிக்கவில்லையென்றால் வேறு ஆள். இன்னொரு தடவை முதலிலிருந்து ஆரம்பிக்க என்னிடம் தெம்பு இல்லை.

நான் பார்த்துக்கொள்ளும் அம்மா பெயர் வசந்தா. ஐம்பத்தெட்டு. தாலுகா ஆபீசில் இருந்தவர். பக்கவாதத்தில் வலது கை, கால் போய்விட்டது. பேச்சு ஒன்றிரண்டு சொல்தான். காது நன்றாகக் கேட்கிறது. மகள் ரம்யாவுக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. அந்தக் காலத்திலேயே பெங்களூருக்கு வந்த தமிழ்க் குடும்பம்.

8-7, செவ்வாய்

சுவரில் ஒரு சார்ட் ஒட்டினேன். மணிக்கு ஒரு கட்டம். டார்கெட் ஒரு பக்கம், முடித்தது ஒரு பக்கம். லைனில் போர்டு எழுதியது போலவே.

"சக்கத்தா இருக்கு அக்கா! இதுக்கு முன்னாடி வந்தவங்க ஒருத்தரும் இப்படி பண்ணல" என்றாள் ரம்யா. மனது குளிர்ந்தது, மறைப்பானேன்.

இட்லி இரண்டு, பன்னிரண்டு நிமிடம். உடற்பயிற்சி சொன்ன நேரத்துக்கு. பாத்ரூமில் உட்கார வைத்துவிட்டு வெளியே நின்றேன். நாலு நிமிடம் ஆனதும் கதவைத் தட்டினேன். "ஆச்சாம்மா? ஆச்சா?" மறுபடி தட்டினேன்.

எல்லாக் கட்டத்திலும் டிக். எனக்குக் கால் வீக்கம். தைலம் தீரப்போகிறது.

9-7, புதன்

"முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று கண்டக்டர். எங்கே முன்னால் போவது? முன்னால் டிரைவர்தான் இருக்கிறார்.

அம்மா தண்ணீர் குடிக்கவில்லை. டம்ளரை வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்கிறார். "வேணாம்." பிறகு அதுவும் இல்லை, தலை மட்டும் ஆடுகிறது. ஜூஸ், மோர், ஒன்றும் செல்லவில்லை. தண்ணீர்க் கட்டம் காலி. எனக்குக் கோபம். காலிக் கட்டம் கண்ணை உறுத்துகிறது.

வீட்டில் இவர்: "இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்த வேல? சும்மா வீட்ல இரு." சோறு வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

10-7, வியாழன்

அம்மாவுக்குச் சிறுநீர் கடுமஞ்சள். எரிச்சல் போல, முகம் சுளித்தார். டாக்டர் போனில் சொன்னது: தண்ணீர் உள்ளே போகவில்லையென்றால் இன்ஃபெக்‌ஷன் வந்துவிடும், அப்புறம் அட்மிஷன்தான்.

ரம்யா: "ராத்திரி நான் குடுத்தா ரெண்டு டம்ளர் குடிக்கறாங்க. பகல்ல மட்டும் ஏன் அக்கா இப்படி?" குற்றம் சொல்லும் குரல் இல்லை. ஆனாலும் சுருக்கென்றது.

திரும்பும் பஸ்ஸில் மஞ்சுளா. என் லைனில் காலர் தைத்தவள், இப்போது வேறு கம்பெனி. "மேடம், நீங்களா!" என்று எழுந்து இடம் கொடுத்தாள். பேச்சுவாக்கில் அம்மா தண்ணீர் குடிக்காததைச் சொன்னேன்.

சிரித்தாள். "நாங்களும் குடிக்க மாட்டோமே மேடம். நீங்க டாய்லெட் கதவ தட்டுவீங்கல்ல, ஆச்சா ஆச்சான்னு? அந்த பயத்துலயே பாட்டில தொட மாட்டோம். எனக்கு ரெண்டு வாட்டி கிட்னில கல்லு வந்துச்சு."

விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். பொம்மசந்திரா வரைக்கும்தான் சிரிப்பு வந்தது.

எனக்குத் தெரியாமலா? நானும் மெஷினில் உட்கார்ந்தவள்தானே. எனக்கும் ஒருத்தி கதவு தட்டினாள். நானும் நாள் முழுக்கத் தொண்டை காய உட்கார்ந்திருந்தேன். என் பாட்டில் இன்றைக்கும் நிரம்பியே திரும்புகிறது. தெரிந்தேதான் தட்டியிருக்கிறேன், அத்தனை வருடமும்.

தலைவலி என்று சொல்லிவிட்டேன். சமைக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

11-7, வெள்ளி

வெயில். போனதும் சார்ட்டைக் கிழித்தேன். கதவு தட்டியதை ரம்யாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது. சொன்னேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "எங்கம்மா நடந்து வந்தா ஆபீஸே எழுந்து நிக்கும் அக்கா. அவங்க கதவ போயி..." முடிக்கவில்லை. லேப்டாப்பை மூடினாள், திறந்தாள். "நாளைக்கு வாங்க. அப்புறம் பாக்கலாம்."

"அப்புறம் பாக்கலாம்" நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து, "இனிமே தட்ட மாட்டேம்மா. தப்புதான்" என்றேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாள் முழுக்க அரை டம்ளர்.

ஏஜென்சிக்கு போன் செய்து வேறு வீடு இருக்கிறதா என்று கேட்டு வைக்கலாமா? கேட்கவில்லை. அசதி.

12-7, சனி

மறுபடி தூறல். கடைசி நாள் என்று நினைத்தே போனேன். தைலம் வாங்க மறந்தாயிற்று.

பாத்ரூமில் அம்மாவை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். வெளியே ஸ்டூல் போட்டு, கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். கை இரண்டும் மடியில். கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்று எழுதினால் பொய். பார்த்தேன். பதினாறு நிமிடம். உள்ளேயிருந்து அவரே, "ஆச்சு."

பிறகு தண்ணீர் கொடுத்தேன். டம்ளரை வாங்கவில்லை. இடது கையை நீட்டி என் பையைக் காட்டினார். வெளியே துருத்திக்கொண்டிருந்த பாட்டிலை. ஆறு நாளாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

"நீ."

குடித்தேன். நான் முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு அவரும் குடித்தார். மதியம் ஒரு முறை, மூன்று மணிக்கு ஒரு முறை, அப்படியே. நாலு மணிக்கு அந்த வீட்டு பாத்ரூமுக்குப் போனேன், முதல் தடவையாக. யாரும் தட்டவில்லை. எனக்குத்தான் எழுந்திருக்க அவசரம்.

கிளம்பும்போது ரம்யா வாசல் வரை வந்தாள். "திங்கக்கெழம ஏழரைக்கே வர முடியுமா அக்கா?"

முடியும் என்றேன். பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கினேன்.

வீட்டுக்கு வந்து பாட்டிலைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழுந்தது. செடிக்குக் குழாயில் பிடித்து ஊற்றினேன்.