ஆகாயத்தில் வந்தவளும் ஆற்றில் வந்தவளும்

எல்ம்ஹர்ஸ்ட், குவீன்ஸ்
பிப்ரவரி 10, 2025, திங்கள்

அன்புள்ள செகுண்டோவுக்கு,

சொய்லா எழுதிக்கொள்வது. பிள்ளைகள் இரண்டு பேரும் சௌக்கியம். நானும் சௌக்கியம் என்று எழுதலாம்தான். ஆனால் பொய்யில் ஆரம்பிக்கிற கடிதம் வேண்டாம் என்று பார்க்கிறேன்.

நேற்றுதானே ஃபோனில் பேசினோம், இன்றைக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய். அப்புறம் மூன்று நாள் உன் ஃபோன் செத்துக் கிடக்கும், நான் இங்கே பைத்தியம் பிடித்துத் திரிவேன். கடிதத்தை நீ வீசிவிட்டுப் போனாலும் திரும்பி வரும்போது அது மேஜையில்தான் இருக்கும். ரூஸ்வெல்ட் அவென்யூ கூரியர் கடைக்காரர், பார்சலோடு சேர்த்து அனுப்பினால் ஒரு வாரத்தில் ஈக்வடாருக்கு, உன் அசோகெஸ் வாசலுக்கே வந்துவிடும் என்கிறார். பெட்டியில் உன் மகள் நயேலி உனக்காக வாங்கிய கம்பளிக் குல்லாய் இருக்கிறது. பிடிக்காவிட்டாலும் போட்டு ஒரு படம் அனுப்பு.

விஷயத்துக்கு வருகிறேன். வெல்லிங்டனுக்கு இருபத்தொன்று முடியட்டும், மகன் கையெழுத்துப் போட்டு அப்பனையும் ஆத்தாளையும் காகிதத்தோடு இந்த நாட்டில் உட்கார வைப்பான் என்று பதினொரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தோமே, அது நடக்காது. எனக்கும் வராது, உனக்கும் வராது. வியாழக்கிழமை வக்கீலம்மாவைப் பார்த்துவிட்டோம். நேற்று நீ கேட்டபோது, இன்னும் பார்க்கவில்லை என்று மழுப்பினேன், மன்னித்துக்கொள். கார்னிவல் திருவிழா வரைக்கும் பார்ப்பேன், காகிதம் வராவிட்டால் காட்டு வழியாக எல்லைக்குக் கிளம்பிவிடுவேன் என்று நீ சொன்ன பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரைக்கும் படி.

சியூ ஃபாங்குக்குக் காகிதம் வந்துவிட்டது. உனக்கு அவளை நன்றாகத் தெரியும். மலேசியாவில் ஈப்போ ஊர்க்காரி, நாம் வந்த அதே 2001-இல் வந்தவள். நீ எங்கள் உணவகத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவிய காலத்தில் பக்கத்தில் நின்று இறால் உரித்தவள். வெல்லிங்டன் பிறந்த வருஷம்தான் அவளுக்கும் ஜோலீன் பிறந்தாள். இரண்டு தொட்டிலும் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் கிடக்கும். அந்த ஜோலீன்தான் மே மாதம் இருபத்தொன்று முடிந்ததும் தாய்க்கும் தகப்பனுக்கும் மனுப் போட்டாள். எட்டே மாதம், கிரீன் கார்டு தபாலில் வந்து விழுந்துவிட்டது. அதை இரண்டு வாரம் என்னிடம் சொல்லாமலே மறைத்திருக்கிறாள் மகராசி. ஊருக்குப் போக முதலாளியிடம் லீவு கேட்டபோதுதான் எனக்குத் தெரியவந்தது. எனக்கு வயிறு எரிந்தது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? நன்றாகவே எரிந்தது.

ஜனவரியில் ஒரு கல்லூரிப் பெண் உணவகத்துக்கு வந்தாள். மத்தியானக் கூட்டம் ஓய்ந்திருந்தது. கையில் ஒரு படிவம். லத்தீன்காரர்களும் மலேசியாக்காரர்களும் இங்கே வந்து எப்படிப் பிழைத்திருக்கிறார்கள் என்று ஒப்பிட்டு எழுதப் போகிறாளாம். எங்கள் இரண்டு பேரையும் எதிரும் புதிருமாக உட்கார வைத்துக் கேட்டாள். எந்த வருஷம் வந்தீர்கள்? இரண்டு பேரும் ஒரே வருஷம். எத்தனை மணி நேர வேலை? ஒரே நேரம். என்ன படிப்பு? அவள் பதினொரு வருஷம், நான் ஆறு. இங்கிலீஷ்? அவளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே வந்தது, எனக்கு இன்னும் வரவில்லை. சொந்த வீடு? அவளுக்கு லாங் ஐலண்டில், எனக்கு ஏது? பிள்ளைகள்? ஜோலீன் மருந்தியல் படிக்கிறாள், வெல்லிங்டன் குழாய்க் கடை வண்டி ஓட்டுகிறான். அந்தப் பெண் தலையைக் குனிந்து கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டே போனாள். நான் அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஈக்வடார்க்காரி சோம்பேறி என்று அந்தக் கட்டங்கள் சொல்லிவிடுமோ என்று எனக்கு ஒரே ஆத்திரம்.

கடைசியில், உங்கள் இருவருக்கும் இவ்வளவு வித்தியாசம் வரக் காரணம் என்ன என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டாள். நான் சொன்னேன்: "அவ ஆகாயத்துல வந்தா. நான் ஆத்துல வந்தேன். எழுதிக்கோ." அதற்குக் கட்டம் இல்லை என்று சிரித்தாள். நல்ல பிள்ளைதான், நூடுல்ஸுக்குக் காசு கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

ஏதோ வாய்த்துடுக்காகத்தான் அப்படிச் சொன்னேன். சட்டமும் அதுவேதான் என்று வியாழக்கிழமைதான் தெரிந்தது. வக்கீலம்மா தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கிறவர், பெரல்டா என்று பெயர், நம் மொழிதான். சியூ ஃபாங் சுற்றுலா விசாவில் விமானத்தில் வந்து இறங்கினாள். பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை விழுந்தது. அதற்கப்புறம் இருபத்து மூன்று வருஷம் திருட்டுத்தனமாகத் தங்கினாலும், வேலை செய்தாலும், பிள்ளை கேட்டால் அத்தனையையும் மன்னித்துவிடுகிறார்கள். எல்லை ஆற்றைத் தாண்டி வந்த எனக்கு அந்த முத்திரை இல்லை. நாட்டை விட்டு வெளியே போய்த்தான் கேட்க வேண்டுமாம். போன நிமிஷமே பத்து வருஷத்துக்குக் கதவு அடைப்பு. பிள்ளைக்காக என்று கெஞ்சினாலும் அதில் சலுகை இல்லையாம். ஒரே தொட்டியில் கை வைத்துக் கழுவினோம் செகுண்டோ. ஒரே சோப்பு, ஒரே வெடிப்பு, ஒரே களிம்பு.

சரி, என் கதை கிடக்கட்டும். உன் கணக்கைப் பார்க்கச் சொன்னேன். உன் அப்பா செத்து நீ ஊருக்குப் போனது 2013 நவம்பர். போகாதே, போனால் திரும்ப முடியாது என்று நான் காலைப் பிடித்தேன். ஐந்தாம் நாள் அப்பன் துணிமணியை மூத்த மகன் ஆற்றில் அலசாவிட்டால் அவர் ஆத்மா வாசலிலேயே நிற்கும் என்றாய். உன் ஊர் வழக்கம், என் ஊர் வழக்கமும் அதுதான், நான் எந்த வாயால் தடுப்பேன்? போனாய். அதற்குத் தண்டனை பத்து வருஷம். அது 2023-இல் முடிந்துவிட்டது, இனி மகன் கேட்கலாம் என்று நினைத்துத்தான் அந்த அம்மாள் முன்னால் தைரியமாக உட்கார்ந்திருந்தேன்.

அந்த அம்மாள் உன் விரல் ரேகைப் பதிவை வரவழைத்து வைத்திருந்தார். காகிதத்தை என் பக்கம் திருப்பிவிட்டுக் கேட்டார்: "உங்க வீட்டுக்காரர் மறுபடியும் ஒரு தடவை வந்து பிடிபட்டது உங்களுக்குத் தெரியாதாம்மா?"

எனக்குத் தெரியாது. 2021 மே மாதம், டெக்சாஸ். நீ மச்சாலாவில் இறால் பண்ணையில் வேலை, அங்கே சிக்னல் இல்லை என்று சொன்ன மாதம். நான் நம்பினேன். இறால் நாற்றம் போகிறதா என்று கேலி வேறு பண்ணினேன். அந்த ஒரு நாளால் எல்லாம் திரும்ப முதலிலிருந்து. 2031 வரை நீ வெளியே இருக்க வேண்டும். அதற்குப் பிறகும் உள்ளே விடுவார்கள் என்று இல்லை, விடுங்கள் என்று கேட்கத்தான் அனுமதி. நீ சும்மா உட்கார்ந்திருந்தால் இந்நேரம் உன் மனு பாதி வழி வந்திருக்கும்.

திட்டுவேன் என்று நினைக்கிறாயா? வாசலுக்கு வந்ததும் உன்னைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அப்புறம் தேதி உறைத்தது. அந்த மே மாதம்தான் நயேலிக்கு முதல் நற்கருணை. அதற்கு முன்னால் ஃபோனில் அழுதவள் யார்? எல்லாப் பிள்ளைக்கும் அப்பன் வந்து பக்கத்தில் நிற்பான், என் பிள்ளை மட்டும் அநாதை மாதிரி நிற்கப் போகிறது என்று ஒப்பாரி வைத்தவள் நான்தானே? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இந்த நுணல் புருஷனையும் சேர்த்துக் கெடுத்திருக்கிறது. நீ என்னிடம் சொல்லாமல் மூடி மறைத்தது கூட, நான் இப்படி நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். தெரிகிறது.

வெல்லிங்டன் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது. என்னைப் பார்க்காமலே சொன்னான்: "சின்ன வயசுலேர்ந்து எனக்கு இருபத்தொண்ணு ஆகட்டும், ஆகட்டும்னீங்க. ஆயிடுச்சு. இப்ப நான் எதுக்கும்மா?" அறையக் கை ஓங்கினேன். ஆறடி வளர்ந்த பிள்ளை, கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். அடிக்க முடியவில்லை. நீ அவனோடு பேசும்போது காகிதத்தைப் பற்றி எடுக்காதே. வண்டி எப்படி ஓடுகிறது, பந்தாட்டம் போகிறாயா என்று கேள். அதை நம் இருவரில் ஒருவர் கூட அவனிடம் கேட்டதில்லை என்று இப்போதுதான் உறைக்கிறது.

மறுநாள் வேலைக்குப் போனேன். சியூ ஃபாங்குக்கு என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறை ஸ்பானிஷில் சொன்னாள். "எங்கம்மா சாகும்போது நான் இந்த அடுப்புல நூடுல்ஸ் வறுத்துக்கிட்டிருந்தேன். போகல. அதுக்குக் குடுத்த கூலிதான் சொய்லா அந்தக் கார்டு. உன் புருஷன் மனுஷன், போனான்." அவள் தாய் இறந்தது நீ போனதற்கு அடுத்த வருஷம். உனக்குத் தெரியாது. உணவகத்துப் பின்சந்தில் எண்ணெய் டின்னுக்குள், அவர்கள் வழக்கப்படி, செத்த தாய்க்காகக் காகிதக் காசு எரித்தாள். போலீஸ் வருகிறதா என்று நான்தான் தெருமுனையில் காவல் நின்றேன். இப்போது கார்டு இருக்கிறது, விமானம் ஏறலாம், அங்கே போய்ப் பார்க்க ஒரு கல்லறைதான். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். பொறாமை போய்விட்டது என்று சொல்லமாட்டேன். குறைந்திருக்கிறது.

நீயே இங்கே வந்துவிடேன் என்பாய். டிக்கெட் வாங்கினால் யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் நயேலியின் முதுகெலும்பு வளைவுக்கு இடுப்புப் பட்டை இன்னும் மூன்று வருஷம் போட வேண்டும். நான்கு மாதத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் அளவெடுத்து மாற்றுகிறார்கள். அந்த வசதி அங்கே ஏது? பதிமூன்று வயதுப் பெண்ணை அண்ணன் கையில் விட்டுவிட்டு வர என்னால் ஆகாது. நான் வந்தால் திரும்ப முடியாது, நீ கிளம்பினால் வந்து சேரமாட்டாய்.

ஆம், சேரமாட்டாய். உனக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்தக் காட்டில் இளவட்டங்களே சுருண்டு விழுகிறார்கள். பிடிபட்டால் இந்தத் தடவை அனுப்பமாட்டார்கள், உள்ளே போடுவார்கள் என்று வக்கீலம்மா சொன்னார். சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். போன மாதம் எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடிக்காரிக்கு அந்தக் காட்டில் கிடந்த அவள் தம்பியின் செருப்பை மட்டும் படம் பிடித்து அனுப்பினார்கள். என் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு படம் வர வேண்டாம்.

இன்னொன்று இருக்கிறது. இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு பிள்ளைகள் விடுமுறைக்கு அங்கே வந்தார்களே, திரும்பி வந்ததும் நயேலி வெள்ளந்தியாகச் சொன்னாள்: அப்பா வீட்டுக்கு எதெல்வினா என்று ஒரு ஆன்ட்டி உருளைக்கிழங்கு சூப் கொண்டுவந்து கொடுப்பார், வாசலோடு போய்விடுவார், அப்பா உள்ளே வாங்க என்றே சொல்லமாட்டார் என்று. வெல்லிங்டன் அவள் காலை மிதித்தான், நானும் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். அப்புறம் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. நீ வாசலோடு அனுப்புவது எனக்காகத்தான் என்று தெரியும். உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

இனி வேண்டாம் செகுண்டோ. மழையில் வந்தால் உள்ளே கூப்பிடு. நல்ல பெண் என்றால் உட்காரச் சொல். என்னிடம் சொல்லாதே, எனக்குத் தெரியவும் வேண்டாம். எனக்குப் புருஷனாக இல்லாவிட்டாலும் போகட்டும், இந்தப் பிள்ளைகளுக்குத் தகப்பனாக உயிரோடு இரு. அது ஒன்றைத்தான் கேட்கிறேன்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் போடாதே. சத்தியம் எதுவும் பண்ணாதே. கார்னிவல் முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை, எப்போதும் போல வீட்டிலிருந்தே கூப்பிடு. மழை பெய்ததா, சோளம் எப்படி என்று கேட்கிறேன். நீயும் நாய் குட்டி போட்டதையோ, கூரை ஒழுகுவதையோ சொல்லு. நான் காலையிலிருந்து ஃபோனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

கடவுள் உன்னை அந்த வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
சொய்லா