சைராவை விருந்தாளி ஆக்காதே

அன்பு மகன் எர்மெக்குக்கு,

இங்கே நாரின் ஊரில் நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், மாஸ்கோ குளிரில் நீ உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறோம். உன் தங்கை சைராவும் நலம் என்று வழக்கம்போல எழுத இந்தத் தடவை கை வரவில்லை, போனில் மூடி மறைத்ததெல்லாம் போதும். போன குளிர்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாளே, அது மனச்சோர்வு நோய், மாத்திரையோடு வேலையும் வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். சைரா முன்பு வேலை பார்த்த தையல் கூடத்தை நடத்தும் ஜூராவிடமும் அவரே பேசினார், முதலில் அரை நாள், லேசான வேலை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம் என்று. ஜூராவும் தலையாட்டினாள். நம் ஜனங்களுக்குத்தான் பாசம் வந்தால் புத்தி போய்விடுமே. சைரா போன அன்று விரிப்பு விரித்து, போர்சோக் ரொட்டி பொரித்து, பெரியவர்கள் உட்காரும் மேலிடத்தில் உட்காரவைத்துத் தேநீர் ஊற்றியிருக்கிறார்கள். மெஷின் பக்கம் எழுந்தால், "நீ விருந்தாளிம்மா, பேசாம உக்காரு" என்று இழுத்து உட்காரவைத்தார்களாம். மறுநாளும் அதேதான், அதற்கடுத்த நாளும் அதேதான். அவள் மெஷினில் வேறொருத்தி தைக்க, இவள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு பார்த்திருக்கிறாள். ஒருநாள் வீட்டுக்கு வந்து, "அப்பா, அங்க எல்லாரும் மெதுவாப் பேசுறாங்க, எனக்கு நானே துக்கச் சோறு சாப்பிடுற மாதிரி இருக்கு" என்றாள். உன் அம்மா அதற்கும் ஒரு தட்டு இறைச்சியைத்தான் கொண்டுவந்து வைத்தாள்.

அப்புறம் மாத்திரையை நிறுத்திவிட்டாள். ஒரு காலையில் ஆற்றங்கரையிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் கூட்டிவந்தார், காலணியெல்லாம் ஈரம். தண்ணீரைப் பார்க்கத்தான் போனேன் என்கிறாள். எவ்வளவு தூரம் இறங்கினாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லையடா. அன்றே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன், இப்போது மாத்திரையை அம்மா கையால்தான் கொடுக்கிறாள். நான் ஜூராவிடம் போய் வாய்க்கு வந்தபடி திட்டினேன். "சீக்காளிய வேலை வாங்குறான்னு ஊரு காறித் துப்பாதா அண்ணே?" என்று அவள் அழுதுவிட்டாள். அழுது முடித்துத்தான் மெஷினைத் திருப்பித் தந்தாள். இப்போது காலையில் மட்டும் சைரா சட்டைப் பை தைக்கிறாள். நேற்று ஒன்று கோணிவிட்டதென்று ஜூரா பிரிக்கச் சொன்னாளாம், கண் சிவந்து வந்தாள், ஆனால் இன்று தானாகவே கிளம்பினாள். இதற்கு மேல் டாக்டரம்மாவே உறுதி சொல்லவில்லை. அவள் உள்ளே இருக்கும்வரை நான் எதிர்க் கடை வாசலில்தான் நிற்கிறேன்.

நீ போனில் குரலைத் தாழ்த்தி "நல்லா இருக்கியாம்மா" என்று கேட்காதே. எனக்கு ஒரு சட்டை வேண்டும், நீதான் தைக்க வேண்டும் என்று கேள், கோணலாக வந்தால் கோணல் என்று திட்டு. உன் பாதை வெள்ளையாக, தடையில்லாமல் இருக்கட்டும், அம்மா உன் நெற்றியை முகர்ந்ததாக எழுதச் சொன்னாள். சாப்பாட்டுக்கு முன்னால் சைரா அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணன் தோள் முன்போலவே இருக்குமா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. உடனே அளந்து அனுப்பு, அவள் கேட்பதை நிறுத்துவதற்குள்.

உன் அப்பா,
தொக்தோசுன்