சோத்துக்கை

டாடி,

இன்று சாயங்காலம் ஷெரினின் டிஃபன் டப்பாவைத் திறந்தேன். காலையில் போட்டுக் கொடுத்த தயிர்சாதம் பாதிக்கு மேல் திரும்பி வந்திருந்தது. மார்ச் வெயிலில் புளித்து, ஊறுகாய் எண்ணெயோடு சேர்ந்து ஒரு வாசனை. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு சிங்க் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் நீங்கள் சாப்பிட்ட கடைசி நாட்களில் உங்கள் சட்டையில் இதே வாசனைதான் அடிக்கும்.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தவரை உங்களிடம் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்ல எனக்குத் துணிவு இருந்ததில்லை. செய்யத்தான் துணிவு வந்தது.

காக்ஸ் டவுன் வீட்டில் ராச்சாப்பாடு ஏழரை மணிக்கு. ஃபேக்டரியிலிருந்து வந்து, குளித்து, வெள்ளை பனியன் போட்டு, ஜெபம் சொல்லி முடித்துவிட்டு நீங்கள் உட்கார்ந்த பிறகுதான் நாங்கள் நாற்காலியை இழுக்கலாம். மம்மி ரசமும், பல்யா என்று நாம் சொல்கிற பீன்ஸ் பொரியலும் வைப்பாள். ஞாயிற்றுக்கிழமையென்றால் கறி. பேசக்கூடாது, சிந்தக்கூடாது. அதெல்லாம் எனக்குக் கஷ்டமாக இருந்ததில்லை. தம்பி பிரகாஷுக்குத்தான் முடியவில்லை. அவனுக்கு ஐந்து வயது, எனக்கு ஒன்பது. அவனுடைய இடது கைதான் முதலில் சோற்றுக்குப் போகும்.

முதலில் அடித்துப் பார்த்தீர்கள். பிறகு ஒருநாள் இஸ்திரி போட்ட உங்கள் கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினீர்கள்.

"அவன் பீச்சாங்கையை நாற்காலியில சேத்துக் கட்டு ரோஸி."

நான் தயங்கினேன். நீங்கள் கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னீர்கள்: "சோத்துக்கைன்னு ஆண்டவர் ஒண்ணுதான் குடுத்திருக்கார். உன் தம்பி நல்லா வரணும்னா நீ கட்டு. அக்கா கட்டுனா அழமாட்டான்."

நான் கட்டினேன். அவன் அழவில்லை. முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கெட்டிக்காரி" என்றீர்கள். அந்த மேசையில் உங்கள் வாயிலிருந்து பாராட்டு வாங்கியவள் நான் ஒருத்திதான். அடுத்த நாள் நீங்கள் சொல்வதற்கு முன்பே கைக்குட்டையை எடுத்து வந்துவிட்டேன்.

ஒருநாள் சாப்பாட்டுக்கு முன் நீங்கள் கை கழுவப் போன நேரத்தில் மம்மி முடிச்சை அவிழ்த்துவிட்டாள். மணிக்கட்டு கன்றிப்போயிருந்தது. நீங்கள் திரும்பி வந்து பார்த்தீர்கள். நிதானமாக மோர் வரைக்கும் சாப்பிட்டு முடித்தீர்கள். பிறகு, "அவன் கையை அவுத்தவளுக்கு இந்த மேசையில எடமில்ல" என்றீர்கள். அன்றிலிருந்து மம்மி சமையலறைத் தரையில், கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கோபம் ஆறிய பிறகாவது கூப்பிடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கூப்பிடவேயில்லை.

இரண்டு வருஷத்தில் பிரகாஷ் வலது கையால் சாப்பிடப் பழகினான். கூடவே வாய் திக்கவும் ஆரம்பித்தது. பதினெட்டு வயதில் ஹெப்பகோடியில் வேலை கிடைத்ததும் பெட்டியோடு போய்விட்டான். அப்புறம் எந்தக் கிறிஸ்துமஸுக்கும் அவன் உங்கள் மேசைக்கு வரவில்லை. மம்மியின் அடக்கத்துக்கு வந்தவன் கல்லறையிலிருந்து நேராக பஸ் ஏறினான்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் தனியாக இருந்தீர்கள். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்து, வாய் கோணிப்போன பிறகு என் வீட்டுக்கு வந்தீர்கள். பிசியோதெரபிக்கு வந்த பெண் ஒரு ஸ்பூனை உங்கள் இடது கையில் வைத்து, "லெஃப்ட் ஹேண்ட்லயே சாப்பிடட்டும் மேடம், ஸ்வல்ப நாள்ல பழகிடும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்குப் புரிந்திருக்காது.

ஒன்றரை மாதம் நான் நல்ல மகளாகத்தான் இருந்தேன். காலையில் ஷெரினுக்கு ஜடை, டிஃபன், ஸ்கூல் வேன். அப்புறம் உங்களுக்குக் கஞ்சி, மாத்திரை. பகலில் ஆயாவிடம் விட்டுவிட்டு ஆபீஸ். சாயங்காலம் வந்து சமைத்து மூன்று பேரும் ஒன்றாக உட்காருவோம். ஷெரினின் அப்பாவுக்கு மாலை ஷிப்ட். எட்டு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடத்துக் கதை சொல்லிக்கொண்டே சாப்பிடுவாள். என் மேசையில் பேசலாம்.

ஒரு வியாழக்கிழமை. ஆபீசில் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கிவிட்டு வந்திருந்தேன். நீங்கள் சாம்பார் கிண்ணத்தைத் தட்டிவிட்டீர்கள். அது வழிந்து ஷெரினின் நோட்டுப் புத்தகத்தில் போய் நின்றது. நான் உங்கள் கையிலிருந்த ஸ்பூனை வாங்கினேன்.

"சோத்துக்கையால சாப்பிடுங்க டாடி."

நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். உங்களுக்குப் புரிந்துவிட்டது. அது எனக்கு இனித்தது. அடுப்படித் துண்டை எடுத்து வந்து உங்கள் இடது மணிக்கட்டை நாற்காலிக் கையோடு சேர்த்துக் கட்டினேன். என் விரல்களுக்கு அந்த முடிச்சு மறக்கவில்லை. வலது கையை எடுத்துத் தட்டின்மேல் வைத்தேன். அது அங்கேயே கிடந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு பசி தாங்காமல் குனிந்து தட்டில் வாயை வைத்தீர்கள். நான் என் சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்தேன். மோர் வரைக்கும்.

"மம்மி, தாத்தாக்கு என்னாச்சு?" என்றாள் ஷெரின்.

"ஒண்ணுமில்ல. நீ சாப்பிடு."

ஒருநாளோடு விட்டிருந்தால் ஆத்திரத்தில் செய்தேன் என்று சொல்லலாம். வெள்ளியும் கட்டினேன், சனியும் கட்டினேன். சனிக்கிழமை பிரகாஷுக்கு போன் போட்டு, "நாளைக்கு சாப்பாட்டுக்கு வா. உனக்கு ஒண்ணு காட்டணும்" என்றேன். பிறந்தநாள் பரிசை ஒளித்து வைத்தவள் போல எனக்குள் ஒரு பரபரப்பு.

வந்தான். உங்களைப் பார்த்தான், துண்டைப் பார்த்தான்.

"எ… என்னக்கா இது?"

"உனக்காகத்தான்டா."

அவன் குனிந்து முடிச்சை அவிழ்த்தான். அவிழ்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "எனக்காகவா?" என்றான், திக்காமல். "அன்னைக்கும் நீதானக்கா கட்டுன."

அவன் நாற்காலியை உங்கள் பக்கத்தில் இழுத்துப் போட்டு, தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து வலது கையால் ஊட்டினான். நீங்கள் வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டீர்கள். நான்கைந்து வாய்க்கு அப்புறம் அவன் கையைத் தடுத்து என்னவோ சொல்ல வந்தீர்கள். கோணிய வாயிலிருந்து வார்த்தை வெளியே வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் காதை உங்கள் வாய்க்குக் கிட்டே கொண்டுபோனோம். முப்பத்திரண்டு வருஷமாகக் கேட்க நினைத்ததை இப்போது கேட்டுவிடப் போகிறோம் என்று நான் நம்பினேன்.

"உப்பு பத்தல" என்றீர்கள்.

பிரகாஷ் எழுந்து போய் உப்பு கொண்டு வந்தான்.

கை கழுவிவிட்டுக் கிளம்பினான். அவன் ஒரு பருக்கைகூடச் சாப்பிடவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது, "டாடிய நான் கூட்டிட்டுப் போறேங்க்கா" என்றான். நான் சம்மதிக்கவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று பயந்தேன். அதற்குப் பிறகு கட்டவில்லை; ஸ்பூனையும் நானே பிடித்து ஊட்டினேன். மூன்றாவது வாரம் உங்களுக்கு மூச்சுத் திணறல் வந்து, ஆஸ்பத்திரியில் இரண்டே நாளில் முடிந்துவிட்டது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

சர்ச்சில் ஒரு பெரியவர் உங்களைப் பற்றிப் பேசும்போது, தினமும் குடும்பமாக ஜெபித்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட வீடு அது என்றார். நான் தலையாட்டினேன். பிரகாஷ் சவப்பெட்டிக்கு இடது தோளைக் கொடுத்து நின்றான். இப்போது எப்போதாவது போன் செய்கிறான். முன்பெல்லாம் என்னிடம் பேசும்போது மட்டும் திக்கமாட்டான். இப்போது 'அக்கா' என்கிற இடத்திலேயே திக்குகிறான்.

இன்று ராத்திரி சப்பாத்தியும் உருளைக்கிழங்கு பல்யாவும். ஷெரின் சாப்பிட உட்கார்ந்தாள். அவளுக்குப் பழக்கம் வலது கைதான், டாடி. பிறந்ததிலிருந்தே. ஆனாலும் நான் எதிரில் உட்கார்ந்ததும் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறாள். ஏழெட்டு மாதமாக இப்படித்தான்.

"கையை எடு கண்ணு, மரத்துப்போயிடும்" என்றேன்.

எடுத்து மேசைமேல் வைத்தாள். இன்னொரு சப்பாத்தி கொண்டுவர உள்ளே போய்த் திரும்பினேன். கை மறுபடியும் தொடைக்கு அடியில் போயிருந்தது.