அப்பாவின் பன்றிக்கறிச் சட்டி

அன்பான அப்பாவுக்கு,

அம்மாவின் கனவில் வருகிற நீங்கள் ஏன் வீட்டுக்குள் வர மாட்டேன் என்கிறீர்கள்? எனக்குத் தெரியவில்லை. கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள் நான். கனவுகளை நம்புகிறவளும் இல்லை. ஆனாலும் இதை உங்களைத்தானே கேட்க முடியும்?

மூன்று முறை வந்துவிட்டீர்களாம். எருமப்பட்டி வீட்டின் பின்வாசலில், கையில் உங்கள் மண்சட்டியோடு, பனி மாதிரி ஏதோ ஒன்றுக்குள் நிற்கிறீர்கள். "ஏனுங்க, உள்ள வாங்க" என்று அம்மா கூப்பிடுகிறாள். "நா இன்னும் தண்ணி வாத்துக்கலை, நீ போ" என்கிறீர்கள். அதோடு விழித்துக்கொள்கிறவள் பிறகு தூங்குவதே இல்லை. விடிந்ததும் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கிற என் வீட்டுக்குப் போன் வரும்.

பன்றிக்கறி வாசல்படி தாண்டக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். மாடு கட்டும் கட்டுத்தரைக்குப் பின்னால் மூன்று கல் கூட்டி, அதற்கென்று வைத்த சட்டியில் நீங்களே சமைப்பீர்கள். நாம் இருவரும் ஒரே இலையில் சாப்பிட்டு, தொட்டித் தண்ணீரைத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு உள்ளே வருவோம். நீங்கள் ஒருநாளும் அதற்கு முகம் சுளித்ததில்லை. சுளித்திருக்கலாமோ?

"உங்கப்பாவ வெளியவே நிறுத்தி வெச்சுட்டேன் சாமி" என்றாள் போன வாரம். "வருசப் படையலுக்கு ஊட்டுக்குள்ளயே ஆக்கிப் படைச்சுப்போடலாம்."

அவள் தூங்கினால் சரி என்று இன்று காலை கறியோடு போனேன். கட்டுத்தரையிலிருந்து சட்டியை அவளே கொண்டுவந்து சமையலறை அடுப்பில் ஏற்றினாள். நான் ஆட்டுக்கறி சமைக்கிற பழக்கத்தில் கடலை எண்ணெயைத் தாராளமாக ஊற்றிவிட்டேன்.

"எண்ணெய எதுக்குப் புள்ள ஊத்துன? அதோட கொழுப்பே உருகி வருமே. உங்கப்பா பொட்டுகூட ஊத்தமாட்டாரு."

அந்த அடுப்புப் பக்கமே போகாதவளுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"சன்னல் எதுக்கு இருக்குது?"

பிறகு அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். சின்ன வெங்காயத்தை அரியாமல் முழுசாகப் போடுவது, தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறுவது, மிளகுத்தூளைக் கடைசியில் தூவுவது. நீங்கள் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி உப்புப் பார்ப்பதைக்கூடச் செய்து காட்டினாள். இத்தனை வருடமும் அந்தச் சன்னலில் நின்றிருக்கிறாள், அப்பா. ஒருமுறையாவது திரும்பிப் பார்த்தீர்களா?

குழம்பின் மேல் ஒரு விரற்கடை எண்ணெய் மிதந்தது. உங்கள் படத்தின் முன் இலை போட்டு, அம்மா தன் கையால் பரிமாறினாள். அவள் சாப்பிடவில்லை. சாம்பிராணிப் புகையும் மிளகு வாசமும் கலந்து கூடம் முழுக்க மங்கலாகி, சுவர்கள் சற்றுத் தள்ளிப் போனது போல் இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது: நானும் பின்வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீதியை மறுநாள் காலை எழுதுகிறேன். பால்காரர் வந்து கதவைத் தட்டும்வரை அம்மா தூங்கினாள். கனவில் வந்தீர்களா என்று கேட்டேன். "வரலை" என்றாள். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது. பிறகு உங்கள் சட்டியைக் கழுவி, எங்கே வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தாள். கட்டுத்தரைக்குப் போகவில்லை. சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.

அடுத்த வருடம் எண்ணெய் ஊற்ற மாட்டேன், அப்பா.

உங்களோடு ஒரே இலையில் சாப்பிட்ட மகள்,
பூங்கொடி