இரண்டு ரயில், ஒரு பஸ்

அன்புள்ள குட்டிமாவுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தோம், அம்மாவின் கால் வீக்கமும் வற்றிவிட்டது. நீ எப்படி இருக்கிறாய் என்பதை இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பாய், போன் என்றால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்வாள், அதனால்தான் கடிதம்.

முதலில் உங்கள் ஊர் வண்டிகளைப் பற்றித் திட்டித் தீர்த்துவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குச் சோறு செரிக்காது. முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவன் நான், வண்டி உள்ளே திரும்பும்போதே எந்த ரூட், எத்தனை நிமிஷம் தாமதம் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனை உங்கள் ரயில் நிலையத்துக் கதவு வயிற்றில் இடித்து நிறுத்தியது. டிக்கெட் அட்டையைத் தலைகீழாக வைத்தேனாம். பின்னால் நின்றவர்கள் விட்ட பெருமூச்சு என் பிடரியில் பட்டது. அந்த ரயில் பாதை வரைபடம் இருக்கிறதே, சீ, மீன் குடலை உருவிப் பல சாயத்தில் தோய்த்துச் சுவரில் அறைந்த மாதிரி. கைப்பிடிக் கம்பியைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்கிறது, பெட்டி முழுக்க ஈர சாக்ஸ் நாற்றம். எதிரே உட்கார்ந்திருந்த மனிதர், நல்ல கோட்டுப் போட்டவர், ஓடும் ரயிலில் நகம் வெட்டினார், ஒரு துண்டு பறந்து வந்து என் முழங்காலில் விழுந்தது, அதை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு ஸ்டேஷன் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஊர் பார்க்க வந்தவனை மண்ணுக்கடியில் பெருச்சாளி மாதிரி ஓடவிட்டால் என்னத்தைப் பார்ப்பது. திங்கட்கிழமை நீ பார்க்கச் சொன்ன கோபுரத்துக்குப் போகிறேன் பேர்வழி என்று அம்மாவை எதிர்த்திசை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன், கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் ஒரு சிமெண்ட் கிடங்கும் பூட்டிய கழிப்பறையும்தான். உன் அம்மா அதையும் போட்டோ எடுத்துக்கொண்டாள். மறுநாள், நம்பர மட்டும் பாக்காதீங்க, வண்டி நெத்தியில ஊர் பேரு எழுதியிருக்கு பாருங்க என்று எனக்கே பாடம் நடத்தினாள். டைம் கீப்பருக்கு.

புதன்கிழமைக்குள் எனக்கும் பிடிபட்டுவிட்டது, அதுதான் வினையாகப் போயிற்று. வியாழக்கிழமை அம்மா காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தாள், நீ வழக்கம்போல் ஏழரைக்குக் கிளம்பிப் போய்விட்டாய், வாஷ்பேசின் பக்கத்தில் உன் மூக்குக்கண்ணாடி கிடந்தது. அது இல்லாமல் அரைமணி நேரம்கூட உன்னால் கம்ப்யூட்டர் பார்க்க முடியாதே என்று மனசு கேட்கவில்லை. கொண்டுபோய்க் கொடுத்து உன்னை அசத்திவிடலாம் என்ற ஆசையும் இருந்தது, பொய் சொல்வானேன். அம்மாவிடம் சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, உன் ஆபீஸ் விலாசத்தோடு கிளம்பினேன். இரண்டு ரயில் மாறி, ஒரு பஸ் பிடித்து, ஒருவரையும் வழி கேட்காமல் ஒரு மணி பத்து நிமிஷத்தில் போய் நின்றேன். நீ பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்த இடங்களில் ஒன்றுகூட அந்தப் பக்கம் இல்லை, அது ஏன் என்று அப்போது உறைக்கவில்லை. வரவேற்பு மேசைப் பெண்ணிடம் உன் பெயரைச் சொன்னதும் அவள் யாருக்கோ போன் போட்டாள், உன்னோடு வேலை பார்த்த ஒருவர் இறங்கி வந்தார். அவங்க செக்‌ஷனையே மூடி நாலு மாசம் ஆச்சே சார், உங்ககிட்ட சொல்லலையா என்று கேட்டார். சொன்னா சொன்னா, எனக்குத்தான் வயசாச்சு, மறந்துபோச்சு என்றேன். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது தெரியுமா. உனக்கு இது யாரிடமிருந்து வந்தது என்று அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது.

கண்ணாடியைத் திரும்பக் கொண்டுவந்து இருந்த இடத்திலேயே வைத்தேன். சாயங்காலம் நீ வந்து பையைக் கழற்றிவிட்டு, இன்னிக்கு பூரா கம்ப்யூட்டர்தான், கண்ணே எரியுதுப்பா என்றாய். பெற்றவனிடமே இப்படி நாடகம் ஆடுகிறாளே என்று உன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை, வெள்ளிக்கிழமை முழுக்க உன்னிடம் நான் சரியாகப் பேசாததற்குக் காரணம் அதுதான், வயிற்றுக் கோளாறு இல்லை. ஊர் திரும்பும் வழியில்தான் நாங்கள் வந்த அன்று உன் சாப்பாட்டு மேசையில் நடந்தது ஞாபகம் வந்தது. உன் பெரியப்பா மகனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லி, நம்ம பரம்பரையிலயே முதல் தண்டச்சோறு என்று வாய்விட்டுச் சிரித்தேனே. நீ என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாய். உங்கள் ஊர் ரயிலில் பார்த்த எந்த அசிங்கமும் அந்தச் சிரிப்புக்கு ஈடாகாது. இப்படி ஒரு அப்பனிடம் எந்தப் பெண் சொல்லுவாள். ஊர் திரும்பிய மறுநாளே பெரியப்பா மகனைப் போய்ப் பார்த்தேன், அவனே எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் ஆபீஸ் பேச்சை எடுக்காதே, இன்னொரு தடவை எனக்கு நடிக்க வராது. அங்கேயே இருந்து வேலை தேடினாலும் சரி, கொஞ்ச நாள் இங்கே வந்து இருந்தாலும் சரி, உன் அறையில் போட்டிருந்த பழைய பீரோவை வெளியே எடுத்துவிட்டேன். வேளைக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு கெடுதலும் வராது, நன்றாக இருப்பாய். பதில் எழுதும்போது ஒன்றே ஒன்றை மட்டும் மறைக்காமல் எழுது. நாங்கள் உன் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு இருந்த அந்த வாரம் முழுக்க, செவ்வாய்க்கிழமை அப்படி மழை கொட்டியதே அன்றைக்கும், காலை ஏழரையிலிருந்து இருட்டும்வரை நீ எங்கேம்மா உட்கார்ந்திருந்தாய்?

இப்படிக்கு,
உன் அப்பா