சப்ரூட்டீன் இல்லாத மில் புரோகிராம்கள்

ஜூலை 4, திங்கள்

காற்று, புழுதி. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் தாளெல்லாம் பறக்கிறது.

மில்லின் கம்ப்யூட்டர் புரோகிராம்கள் முழுக்க எண்ணியாச்சு. எந்தக் கட்டளையை எத்தனை தடவை எழுதுகிறார்கள் என்று வரிவரியாக. இஃப் நிறைய. கோ டு கொட்டிக் கிடக்கிறது. சப்ரூட்டீன், அதாவது தனியாக எழுதி வைத்து வேண்டும்போது கூப்பிட்டுக்கொள்ளும் பகுதி, ஒன்றுகூட இல்லை. என் கைடு சாருக்கு ஒரே குஷி. "இதுதாம்மா உன் எம்.ஃபில். இவங்களுக்கு அது தெரியவே தெரியாதுன்னு எழுது. சனிக்கிழமை செமினார்ல வாசி, மில் மேனேஜரும் வர்றார்."

எழுதிக் கொடுத்தேன். தெரியாது என்று எந்த அட்டவணை சொல்லிற்று? உறுத்துகிறது.

ஜூலை 6, புதன்

வாங்கணும்: நீல மை, ரப்பர் பேண்டு, அம்மாவுக்குத் தைலம்.

திருப்பரங்குன்றம் மில்லுக்குப் போனேன். இரண்டு பஸ், இரண்டிலும் நின்றபடி. புரோகிராம் எழுதும் முருகேசனிடம் நேராகவே கேட்டேன். ஏண்ணே, சப்ரூட்டீனே போட மாட்டீங்களா?

சிரித்தார். "முன்னாடி கம்ப்யூட்டர் மிஷின் இங்கனயே இருந்துச்சு மேடம். அப்ப அம்புட்டும் சப்ரூட்டீன்தான். இப்ப புரோகிராம் குத்தின கார்டைத் தூக்கிட்டு டவுனுக்குல்ல போறோம், வாரத்துக்கு ஒரு தடவை. சப்ரூட்டீன்னா அது தனிக் கட்டு; பஸ் கூட்டத்துல ரெண்டு கட்டுல ஒண்ணு தவறுச்சுன்னா அந்த வாரமே போச்சு. அதான் எல்லாத்தையும் ஒரே கட்டா எழுதிர்றது."

மிஷின் அங்கே இருந்த காலத்து லிஸ்டிங்குகளை, புரோகிராம் அச்சடித்த தாள்களை, எடுத்துக் கொடுத்தார். அங்கேயே உட்கார்ந்து எண்ணினேன். பக்கத்துக்குப் பக்கம் சப்ரூட்டீன். எல்லாம் இவர் எழுதியவை. வெட்கமாகிவிட்டது.

இவருக்குப் பதிலாக மேனேஜர் மெட்ராஸிலிருந்து ஆள் கொண்டுவரப் பார்க்கிறாராம். "எங்க வீட்ல வயக்காட்டை விட்டு வந்த மொத ஆளு நான்தான். பாப்போம் மேடம்."

ஜூலை 7, வியாழன்

சாரிடம் பஸ் விஷயத்தைச் சொல்லி, பழைய லிஸ்டிங்குகளை எண்ணிப் போட்ட இரண்டாவது அட்டவணையை நீட்டினேன். புரட்டவே இல்லை. "பஸ்ஸெல்லாம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல வராதும்மா. டைப் அடிச்சாச்சு."

சரி சார் என்றேன். ஏன் சொன்னேன்? செருப்பு வார் வேறு அறுந்தது.

ஜூலை 9, சனி

வாசித்தேன். டைப் அடித்தபடியே. 'அறியாமையே காரணம்' என்ற வரியையும் விடவில்லை. மேனேஜர் எதையோ குறித்துக்கொண்டார்.

முருகேசன் கடைசி வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையில். முடிந்ததும் வந்தார். "அம்புட்டுப் பேரு முன்னால நடுங்காம வாசிச்சீங்க மேடம். வாரேன்."

திட்டியிருக்கலாம். சீ, நானெல்லாம் ஒரு மனுஷி.

ஜூலை 10, ஞாயிறு

மேனேஜருக்கு நாலு பக்கக் கடிதம். பஸ், கார்டுக் கட்டு, இரண்டு அட்டவணையும், நேற்று நான் வாசித்தது தப்பு என்று ஒரு வரி. தபாலில் போட்டுவிட்டுத்தான் வண்டியூருக்கு, சார் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்தார். "உனக்கு எம்.ஃபில். வேணுமா, வேண்டாமா?"

வேணும் சார் என்றேன். கடிதத்தைத் திரும்ப வாங்க மாட்டேன் என்றும் சொன்னேன்.